பதினேழு ஒன்றுகள்

புந்தா அரீனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
கம்பளிக் கம்பெனியின் கணக்கறையில்
எனக்கு ஜன்னலோர மேசை,
ஸ்லாவ்கா மிமிட்சாவுக்கு அடுப்போரம்.
நான் ஆடுகளை எண்ணினேன்.
அவளும் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.
எதை என்று முதல் வருடம் முழுக்கத் தெரியவில்லை.

ஒருநாள் பொதிச்சீட்டின் பின்புறம் கண்டேன்:

11111111111111111

கம்பி கட்டாத பண்ணை வேலி போலிருந்தது.
"பதினேழு" என்றாள்.
"எங்கேயாவது உடைகிறதா பார்க்கிறேன்."

ஐரோப்பாவில் யாராவது உடைத்திருப்பார்களே, என்றேன்.
"இருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லையே."

கைப்பிடி சுற்றும் இயந்திரம் அது.
அத்தனை இலக்கங்களை ஒரே மூச்சில் தாங்காது.
வேலியை இரண்டு துண்டாக வெட்டி ஊட்டுவாள்.
கண்ட எண்ணையும் முயல்வதில்லை;
முப்பத்து நான்கால் வகுத்தால்
ஒன்று மிஞ்சுகிற பகா எண் மட்டுமே
இந்த வேலியைப் பிளக்க முடியுமாம்.
ஏன் என்று விளக்கினாள்.
நான் தலையாட்டினேன்.
ஆடுகளும் அப்படித்தான் தலையாட்டும்.

103. மீதி 57.
137. மீதி 1.
அன்று மாலை முழுக்க அவள் பேசவில்லை.
ஒன்றே ஒன்று. ஒரு கம்பு குறைந்திருந்தால்!

கிர்ர், கிர்ர், கிர்ர், மணி.
கிர்ர், கிர்ர், மணி.
மேலாளர் கின்னெயர்ட் காகிதச் செலவைச்
சம்பளத்தில் பிடித்தார்.
கத்தரிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்த மாதம்
தெருவில் கோஷம், உள்ளே மணி.
துறைமுகத்தில் ஒருவன்
அவளைத் திருமணத்துக்குக் கேட்டான் என்றார்கள்.
"இலட்சத்தைத் தாண்டிவிட்டேன்" என்று
பதில் சொன்னாளாம். அவன் பணம் என்று நினைத்தானாம்.

ஜூலை. மூன்றரை மணிக்கே விளக்கேற்றும் நாள்.
இயந்திரம் நின்றது.
நின்றதைக் காது உடனே நம்பவில்லை.

2071723.
மீதி இருக்க வேண்டிய இடத்தில்
வரிசையாகப் பூஜ்யங்கள்.
முப்பத்து நான்கின் ஏணியில்
அறுபதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் படி.
பல்சக்கரம் தேய்ந்துவிட்டதென்று
எண்ணெய் விட்டுத் திரும்பச் சுற்றினாள்.
பிறகு என்னைச் சுற்றச் சொன்னாள்.
என் கையிலும் பூஜ்யம்.

மறுபாதி பெரியது: 5363222357.
"ஐயோ, இதை உடைக்க இன்னும் எத்தனை வருடம்?"
நான்தான் கேட்டேன்.

அப்போதுதான் அவள் சிரித்ததைப் பார்த்தேன்.
"இதை உடைக்கிற எதுவும்
முழு வேலியையும் உடைத்திருக்கும்.
சின்னவற்றையெல்லாம் தொட்டுப் பார்த்தாயிற்று.
ஒன்றும் உடைக்கவில்லை.
அதனால் இதுவும் உடையாது."

சுவரோரம் அட்டைப் பெட்டிகளில்
அந்தத் தோல்விகள் அடுக்கியிருந்தன,
57, 1, இன்னும் ஆயிரமாயிரம் மீதிகள்.
குப்பையென்று நான் நினைத்தவை.
ஒவ்வொன்றும் எழுந்து நின்று
ஒரே சாட்சி சொல்லியது போலிருந்தது.
அல்லது காற்று கதவைத் தள்ளியிருக்கும்.

பொழுதுபோகாமல், ஒன்றை
அந்த 2071723-ஆல் வகுத்தாள்:
புள்ளிக்குப் பின் ஆறு பூஜ்யம்,
48269001213,
மறுபடி ஆறு பூஜ்யம்,
மறுபடி 48269001213.
பதினேழு பதினேழாக, முடிவே இல்லாமல்.

"ஆறு வருடம் ஒன்றுமில்லை,
பிறகு கொஞ்சம் ஏதோ" என்றேன்,
கவிதை சொல்லிவிட்ட பெருமையில்.
"ஏழு வருடம், இஸ்மாயேல்.
நீ வந்தபோது நான்
ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தேன்."

கின்னெயர்ட் உள்ளே வந்தார்.
லிவர்பூல் கப்பலுக்கு எத்தனை பொதி?
அவள் அடுப்பில் ஒரு கட்டை போட்டாள்.
நான் எண்ணி வைத்திருந்தது
மறந்துபோயிற்று.